அழுகை ரூமுக்கு வராத அப்பம்

என் மனைவியைப் பற்றி எழுதித் தரச்சொல்லி சபையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். மணி வாங்கிக் கொடுத்தவர், பெஞ்சு செய்து போட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் எங்கள் ஆலயத்துச் சுவரில் ஒரு கல் உண்டு. மின்விசிறியின் இறக்கையில்கூட ஒரு குடும்பத்தின் பெயர் தலைசுற்றிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டவளின் பெயரை எதில் வெட்டுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். எழுதிப் பழக்கமில்லை, கோபப்பட்டுத்தான் பழக்கம். நடுநடுவே அது எட்டிப் பார்க்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. கட்டில் விரிப்புகள் மலைமலையாக வந்து விழும். துவைத்துக் காயவைத்து இயந்திரம் சுடச்சுட வெளியே தள்ளும்போது, எதிரே நிற்கும் இன்னொருத்தியோடு சேர்ந்து அவற்றை மடிக்க வேண்டும். இருவரும் முனைகளைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வருவார்கள், விலகிப் போவார்கள், மறுபடியும் நெருங்கி வருவார்கள். பம்பு பழுதென்று ஒருமுறை என்னை அங்கே கூப்பிட்டிருந்தார்கள், அப்போது பார்த்தேன். அந்த இரைச்சலிலும் அவள் ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவள் எந்தச் சபைக்கும் போகாதவள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். வாரம் முழுக்க இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று பெயர். அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை ரூம்.

எங்கள் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் இடத்தின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. அதுதான் அழுகை ரூம். அதன் கதவு இடதுபக்கத் தாழ்வாரத்தில் திறக்கும். ஜன்னல் வலதுபக்க முற்றத்தைப் பார்த்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். முன்பெல்லாம் கால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறை அது. அந்தக் காலத்தில் ஆராதனை நடுவே குழந்தை அழுதால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை இருமுவார். அந்த இருமல் யாருக்கு என்று அம்மாக்களுக்குத் தெரியும். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிறு அவர் இருமினார். என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு, வேறு போக்கிடம் தெரியாமல், அந்த அறைக்குள் நுழைந்தாள்.

சற்று நேரத்தில் இன்னோர் அம்மாவும் பிள்ளையோடு அங்கே வந்து சேர்ந்தாளாம். வந்தவள் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு ஜெபத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை என்று சொல்லி அழுதிருக்கிறாள். "நீங்க போய் உக்காருங்க. ரெண்டையும் நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள் இவள். அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் வந்தன. பிறகு உடைந்த பெஞ்சுகளை அகற்றித் தரும்படி என்னிடம் சொன்னாள். பாய் விரித்தாள், கம்பித் தொட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டாள், கைகழுவும் தொட்டி ஒன்றை நான் வைத்துக் கொடுத்தேன். எங்கள் மகள் வளர்ந்து, அந்த அறையை விட்டு வெளியே வந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். அவளோடு உள்ளே போன அம்மா மட்டும் வெளியே வரவே இல்லை.

சபையில் அவளுக்கு 'ரூம் அக்கா' என்று பெயர். அவள் மடியில் கிடந்து அழுத பையன்கள் இப்போது மீசை முறுக்கிக்கொண்டு வந்து, தங்கள் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, "ரூம் அக்கா, இவன் கொஞ்சம் கடிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்பனும் கடித்தவன்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பாள்.

நான் அவ்வளவு பக்திமான் இல்லை. கல்யாணத்துக்கு முன் அந்த ஆலயத்தில் ஒரு குழாயை மாற்றப் போனேன். பாடகர் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு குரல் என்னைக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கச் செய்தது. அந்தக் குரலுக்காகத்தான் சபைக்குப் போக ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாடும்போது, நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அந்தக் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. என் பக்கத்து இடத்தில் நான் என் குடையை வைக்க ஆரம்பித்தேன்.

அறைக்குள்ளிருந்தும் அவள் பாடாமல் இருந்ததில்லை. ஆனால் சுவர் வழியாகக் கேட்டுப் பாடுவதால் எப்போதும் அரை அடி பின்னால்தான் பாடுவாள். சபை அடுத்த அடிக்குப் போன பிறகு அவள் முந்தின அடியை முடிப்பாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கடைசி பெஞ்சுக்கும் அது மெல்லக் கேட்கும். எனக்குக் கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது.

ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு பிரசங்கம் என்ன?"

"அன்பைப் பத்தி."

"போன வாரமும் அதையேதானே சொன்னீங்க."

"அவருக்கு வேற என்ன தெரியும்?"

நான் தூங்கிவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். திட்டமாட்டாள். முகம் மட்டும் ஒரு நொடி வாடிப்போகும். அந்த வாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் பிரசங்கத்தைக் கண் விழித்துக் கேட்கப் பழகினேன். வீடு வரும் வரைக்கும் ஒப்பிப்பேன். பசித்தவள் சாப்பிடுவது போலக் கேட்டுக்கொண்டு வருவாள்.

ஆனால் ஒன்று. அவள் சோகமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது தோளில் பால் வாந்தி இருக்கும், தலைமுடி கலைந்திருக்கும், கையில் பல் தடம் இருக்கும். முகமோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன், அப்படி என்னதான் கிடைக்கிறது அந்த ரூமில் என்று.

"வெளிய அத்தனை அம்மாங்க கண்ண மூடி நிம்மதியா உக்காந்திருக்காங்கல்ல. அவங்க ஜெபத்துல ஒரு ஓரமா நானும் உக்காந்திருக்கேன்னு தோணும். இதைவிட என்னங்க வேணும்?"

"உனக்கு வெளிய வந்து உக்காரணும்னு ஆசையே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஆசை அது பாட்டுக்கு இருக்கு. சந்தோஷம் இது பாட்டுக்கு இருக்கு."

எனக்கு அது பிடிபடவில்லை. ஏக்கம் இருக்கிற இடத்தில் சந்தோஷம் எப்படிக் குடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் முன்னால் போய் மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். வர முடியாதவர்களுக்கு, அதாவது முழங்கால் மடக்க முடியாத முதியவர்கள், வாசலில் நிற்கும் காவலாளி, இப்படிப்பட்டவர்களுக்கு, சபை மூப்பர்கள் இருவர் தட்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். இடதுபக்கம் ஒருவர், வலதுபக்கம் ஒருவர்.

அப்படி ஒரு திருவிருந்து ஞாயிறன்று, பாட்டு நடக்கும்போதே காவலாளி என் தோளைத் தட்டினார். அழுகை ரூமில் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கொட்டுகிறதாம். போய்த் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பாதி வேலையில் வெளியே திருவிருந்துப் பாட்டு தொடங்கியது. என் மனைவி ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பார்த்து நின்றாள். சும்மா நிற்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவளுடைய வலது கை இடுப்புக்கு நேராக விரிந்திருந்தது. வெறும் கை. பாட்டு முடியும் வரைக்கும் அப்படியே இருந்தது. முடிந்ததும் விரல்களை மடக்கிக்கொண்டு, கீழே கிடந்த ஈரத்துணியை எடுத்தாள்.

தொட்டிக்கு அடியிலிருந்தே கேட்டேன். "உனக்கு யாரும் கொண்டு வரலையா?"

அவள் திடுக்கிட்டாள். நான் அங்கே இருப்பதை மறந்தேபோயிருக்கிறாள். "வருவாங்க."

"பாட்டு முடிஞ்சிடுச்சு."

"சில சமயம் மறந்துடுவாங்க."

"சில சமயமா?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை, பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். உயரமான பழைய மூப்பர் ஒருவர் இருந்தார், அவர் கதவைத் தட்டிக் கொண்டுவந்து தருவாராம். அவர் கர்த்தருக்குள் போன பிறகு யாரும் வரவில்லையாம். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

குழாயை முறுக்கி நிறுத்திவிட்டு, நனைந்த சட்டையோடு நேராக முற்றத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து இரண்டு மூப்பர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சொன்ன தொனியைப் பற்றி என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

இடதுபக்கத்து மூப்பர், "அது வலதுபக்கம் ஆச்சே தம்பி. ஜன்னலே முற்றத்துலதானே இருக்கு" என்றார்.

வலதுபக்கத்து மூப்பர், "கதவு உங்க பக்கத்துத் தாழ்வாரத்துல இருக்கு ஐயா. நீங்கதான் குடுக்கறீங்கன்னு இருந்தேன்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் நாலு கேள்வி கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். "ஜன்னல் வழியா யாராச்சும் வீட்டுக்குள்ள போவாங்களா? கர்த்தரை நினைவுகூரத்தானே இந்த விருந்தே. அதுல போய் ஒரு ஆளை மறக்கறீங்களே" என்றேன். டீ ஆறிப்போனது. வலதுபக்கத்து மூப்பரின் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் பிரசங்கம் என்னவென்று கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனதும், பையை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் கேட்டேனா உங்ககிட்ட?" என்றாள்.

"நியாயத்தைத்தானே கேட்டேன்."

"எனக்குக் கேக்கத் தெரியாமயா இருந்துச்சு? கதவத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்து குடுத்திருப்பாங்க. கேட்டு வாங்கக் கூடாதுன்னு இருந்தேன். யாருக்காச்சும் தானா ஞாபகம் வரணும்னு இருந்தேன். ஒவ்வொரு மாசமும், இன்னிக்கு யாராச்சும் நினைப்பாங்கன்னு கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். இப்ப அது போச்சுல்ல. இனிமே நீங்க சண்டை போட்டதாலதான் வரும்."

பிறகு உட்கார்ந்து அழுதாள். எங்கள் மகளை வழியனுப்பிய அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வெடித்த குழாயை நிறுத்துவது சுலபம்.

அடுத்த மாதம் இரண்டு மூப்பர்களும் ஒரே நேரத்தில் இரண்டு தட்டோடு அந்த அறைக் கதவில் முட்டிக்கொண்டார்கள். அந்தக் கடிக்கிறவன் ஒரு தட்டைப் பிடித்து இழுத்தானாம். அவள் மரியாதையாக ஒருவரிடம் அப்பம் வாங்கினாள், இன்னொருவரிடம் ரசம் வாங்கினாள், இருவர் மனதையும் நோகவிடவில்லை. அன்று வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஜன்னலோரம் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி போய் எல்லாரோடயும் மண்டி போட்டு வாங்கணும்னு இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "அதெப்படிங்க முடியும். புள்ளைங்கள யாரு பாத்துப்பா?"

"நான்."

அப்போது திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க நம்ம பொண்ணையே தலைகீழாத் தூக்கினவரு."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தை அவள் எப்போதோ இன்னொருத்திக்குச் சொன்ன வார்த்தை. என் வாயில் அது வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க அவள் சின்னப் பெண் போல இருந்தாள். இஸ்திரி போட்டு வைத்த புடவையை மறுபடி மடித்தாள். முன்வரிசையில் உட்காருவதா, என் கடைசி பெஞ்சில் உட்காருவதா என்று என்னிடமே யோசனை கேட்டாள். தொலைபேசியில் மகளிடம், "உங்க அப்பாவ ரூம்ல போட்டுட்டு நான் வெளிய உக்காரப் போறேன்" என்றாள். மறுமுனையில் மகள் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

முதல் ஞாயிறு வந்தது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்படைத்து, எது எப்போது அழும், எதற்கு எந்தப் பொம்மை என்று சொல்லிவிட்டு, கதவருகே ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவள் போனதும் எல்லாம் சேர்ந்து அழுதன. எனக்குத் தாலாட்டு தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: அரை இஞ்சு குழாய், முக்கால் இஞ்சு குழாய், ஒரு இஞ்சு வளைவு. ராகமாகச் சொல்லிப் பார்த்தேன். கடிக்கிறவனுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொன்று என் காதைப் பிடித்துத் தொங்கியபடியே தூங்கிப்போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு எழுந்தது. அத்தனை குரலிலும் அவள் குரலைப் பிடித்துவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்கச் செய்த அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. இன்றைக்கு அவள் பாட்டுக்குப் பின்னால் ஓடவில்லை, பாட்டோடு சேர்ந்தே போனாள். இத்தனை வருஷம் அவள் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தாள் என்று முதன்முதலாகத் தெரிந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. காதில் ஒன்று, மடியில் ஒன்று, எங்கே எழுவது?

திருவிருந்துப் பாட்டு தொடங்கியது. இதுநாள் வரைக்கும் நான் அப்பம் வாங்கியதெல்லாம் பஸ் டிக்கெட் வாங்குவது போலத்தான். கை நீட்டுவேன், வாங்குவேன், திரும்பி வருவேன். அன்றைக்கு அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தேன். முற்றம் காலியாக இருந்தது. தூங்குகிறதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்தது. யாரும் வரவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இருமிக்கூடப் பார்த்தேன்.

கதவு திறந்தது. திரும்பினால் அவள் நிற்கிறாள். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கிறாள்.

"என்ன வந்துட்ட?" என்றேன். "வாங்கலையா?"

"வாங்கிட்டேன்." மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளங்கையில் அந்தச் சின்ன அப்பத் துண்டு அப்படியே இருந்தது. "வாய் வரைக்கும் கொண்டு போனேன். அப்பதான் பாத்தேன், ரெண்டு மூப்பருமே தட்ட மேசையில வெச்சு துணியப் போட்டு மூடிட்டாங்க. நான் முன்னாடி வந்துட்டேன்ல. ரூம்ல யாருமில்லன்னு நினைச்சுட்டாங்க."

அவர்களுக்கு அழுகை ரூம் என்றால் அவள்தான். அவள் வெளியே வந்துவிட்டால் அந்த அறையே இல்லை. இதற்கு மேல் அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

"சரி, நீ சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம். எத்தனை நாள் ஆசை."

"உங்க கையப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பிள்ளையைப் பிடித்திருந்த கை போக, மற்றொரு கை இடுப்புக்கு நேராக விரிந்திருந்தது. எப்போது விரித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் அப்பத்தை இரண்டாகப் பிட்டாள். பெரிய பாதியை என் கையில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்க முடியாமல் அழுகை வந்தது. அழுகை ரூமில்தானே நிற்கிறோம், அழலாம் என்று அழுதேன். கடிக்கிறவன் என்னை வேடிக்கை பார்த்தான்.

"யாரும் சொல்லலீங்க" என்றாள் அவள், தன் பாதியை வாயில் வைத்துக்கொண்டு. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்கே ஞாபகம் வந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் முடிவுப்பாட்டு ஆரம்பித்தது. போய்ப் பாடு என்று அவளைத் தள்ளினேன். அவள் தலையாட்டிவிட்டு, மடியை விரித்துப் பாயில் உட்கார்ந்து, அங்கிருந்தே பாடினாள், வழக்கம்போல அரை அடி பின்னால். அவளுக்கும் அரை அடி பின்னால், வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்காமல், நிஜமாகவே நானும் பாடினேன்.